பாலத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு விளக்கு

என் அக்காள் மகள் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான். அவளுடைய அப்பா நோயில் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமனும் அவன் மனைவியும் மணவறையில் நின்று, பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, செம்பிலிருந்து தண்ணீர் வார்த்துக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

நான் கூட்டத்தில் நிற்கப் பழகாதவன். கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, போட்டோ எடுக்கக் கூப்பிடுவதற்குள் வெளியே வந்துவிடுவேன். அதனால் இந்த வேலையை நினைத்து ஒரு மாதமாகவே பயந்துகொண்டிருந்தேன். குளியலறையில் செம்பை வைத்துக்கொண்டு ஒத்திகைகூடப் பார்த்தேன். மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தண்ணி ஊத்தறதுக்கு எதுக்கு இவ்வளவு முழிக்கிறீங்க? நான் பக்கத்துலதானே நிக்கப்போறேன்" என்றாள்.

கல்யாணம் தீவுப் பக்கம், தண்ணீர்மலை சாலையில் ஒரு மண்டபத்தில். அக்காள் வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் பக்கம். பெண்ணை அழைத்துவர மாப்பிள்ளை வீட்டார் ஒரு பெரிய வெள்ளைக் கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். பெண் மறுத்துவிட்டாள். "நான் மாமா காடியிலதான் வருவேன். ஸ்கூலுக்கும் அதுலதானே போனேன்" என்றாளாம். அக்காள்தான் போனில் சொன்னாள்.

கல்யாணத்தன்று விடியும்போதே காரைக் கழுவினேன். மேலே கழுவியது போதாதென்று பானெட்டைத் திறந்து, குழாயைப் பிடித்து இன்ஜினிலும் தண்ணீர் அடித்தேன். யார் பானெட்டைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் கல்யாணப் பெண் ஏறும் வண்டி என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. மனைவியை முன்னாலேயே மண்டபத்தில் இறக்கிவிட்டு, பாலத்தைக் கடந்து அக்காள் வீட்டுக்குப் போனேன்.

பெண்ணையும் அக்காளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பிறை ஊரைத் தாண்டி, பாலத்துக்குப் போகும் சாலையில் ஏறும் நேரத்தில் டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தது. சிவப்பு. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி.

ஹேண்ட் பிரேக்கைச் சரியாக இறக்கவில்லையோ என்று ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்தேன். அதற்கும் இதே விளக்குதான். அணையவில்லை. சாலையோரத்தில் இருந்த பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பி நிறுத்தினேன்.

"ஏண்டா நிறுத்தற?" என்றாள் அக்காள்.

"பிரேக் லைட் எரியுதுக்கா."

"பிரேக் பிடிக்கலையா?"

"பிடிக்குது."

"அப்ப ஓட்டு லா. ஐயர் உக்காந்திருப்பாரு."

நான் கம்பெனி லாரி ஓட்டுகிறவன். மஞ்சள் விளக்கு எரிந்தால் வேலை முடித்துவிட்டுப் பார்க்கலாம். சிவப்பு எரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். பாலத்தின் நடுவில் பிரேக் கைவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது. பின்னால் இருப்பது பட்டுப் புடவையும் மாலையுமாக ஒரு கல்யாணப் பெண்.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நான்கு சக்கரங்களுக்கு உள்பக்கமும் விரலை விட்டுத் தடவினேன். ஒழுகல் இல்லை. பெடலை மிதித்தால் கல் மாதிரி நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. காரணம் தெரியாமல் எரியும் விளக்கோடு பாலத்தில் ஏற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அக்காள் அதற்குள் போன் பேசிவிட்டாள். பெண் மறுத்தும், மரியாதைக்காக மாப்பிள்ளையின் சித்தப்பா அதே வெள்ளைக் காரில் பின்னால்தான் வந்துகொண்டிருந்தாராம். கொஞ்ச நேரத்தில் வந்து நின்றார். கோட்டு போட்டவர். பக்கத்தில் அவர் மனைவி. இருவரும் ஆங்கிலத்தில் ஏதோ பேசிக்கொண்டே இறங்கினார்கள். பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, பெண் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டி மாறினாள். பின்சீட்டில் அக்காளும் அவளும் உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் மிச்சம் இருந்தது.

"மாமா, ஏறுங்க" என்றாள்.

என் இரண்டு கையும் கறுப்பு. வேட்டியின் ஓரத்தில் பிரேக் தூள் ஒட்டியிருந்தது. அந்தக் காரின் சீட்டு வெளிர் நிறத் தோல். சித்தப்பா என் கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"நீ போம்மா. நான் சரிபண்ணிட்டுப் பின்னாலேயே வந்திடறேன்."

"மாமா, காடி இங்கயே இருக்கட்டும். யாரு தூக்கிட்டுப் போகப்போறா?"

"வந்திடறேன். போ."

கதவைச் சாத்தியதும் நான்தான். வேகமாகச் சாத்தினேன் என்று நினைக்கிறேன்.

மெக்கானிக் தம்பி ஒருவனுக்குப் போன் போட்டேன். என் வண்டியை எப்போதும் பார்ப்பவன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணே, காலைல தண்ணி அடிச்சீங்களா?" என்றான்.

"இன்ஜின்ல கொஞ்சம் அடிச்சேன்."

"கல்யாணம் பொண்ணுக்கா, காடிக்கா? அதைப் போயி யாரு குளிப்பாட்டச் சொன்னா? ஆயில் டப்பால ஒரு ஒயர் போகும் பாருங்க. அந்த சாக்கெட்டக் கழட்டுங்க."

கழற்றினேன். உள்ளே பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. சாக்கெட்டைக் கவிழ்த்தபோது இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. எண்ணெய் குறைந்தால் சொல்வதற்கென்று இருக்கும் ஒயர் அது. ஈரம் பட்டதால் குறையாத எண்ணெயைக் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறது. வேட்டி நுனியால் துடைத்து, ஊதி, கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி மாட்டினேன். விளக்கு மறுபடி எரியவே இல்லை.

பாலத்தில் நெரிசல். தீவுக்குள் போய் மண்டபத்தில் நிறுத்த இடம் தேடி, கை கழுவி உள்ளே நுழையும்போது கெட்டிமேளம் அடங்கியிருந்தது. ஐயர் நேரம் தாண்டக் கூடாது என்று சொல்ல, அந்தச் சித்தப்பாவின் மச்சானையும் அவர் மனைவியையும் நிற்கவைத்துத் தாரை வார்த்துவிட்டார்கள். என் அக்காள் மகளுக்கு அவர்கள் யார் என்றே தெரியாது.

என் மனைவி தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கென்று எடுத்த புடவை. இடுப்பில் செருகிய முந்தானையை இன்னும் எடுக்கவில்லை. புருஷன் இல்லாமல் தனியாக நின்று கொடுக்க முடியாது என்று அவளை ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள்.

"காடி சரியாயிடுச்சா?" என்றாள்.

"ம்."

"நல்லது." முந்தானையை உருவிவிட்டுக்கொண்டு பந்திப் பக்கம் போனாள்.

அதன் பிறகு எல்லாரும் எனக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்தியது சரி, பெண்ணை வைத்துக்கொண்டு எப்படித் துணிவது என்றார்கள். மெக்கானிக் தம்பியும் அதையே சொன்னான். நானும் தலையாட்டிக்கொண்டேன். நிறுத்தியதைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

தீபாவளிக்கு அக்காள் மகள் புருஷனோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் கூடத்தில் இருந்தார். நான் அடுக்களையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, அன்னைக்கு ஏன் ஏறலை?"

"கையெல்லாம் அழுக்கும்மா. அவங்க சீட்டு..."

"சீட்டு அவங்களுது. கூப்பிட்டது நான்தானே."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் கையிலிருந்த குவளையை வாங்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். மாப்பிள்ளைக்கான அடுத்த குவளையில் சர்க்கரை போட்டேனா என்று எனக்கு மறந்துபோய், இன்னொரு தடவை போட்டேன். அவர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.