எல்லாவற்றுக்கும் ஒன்று

"ஏசியில வேலை, உனக்கென்னடி கொறச்சல்" என்று சொந்தக்காரர்கள் யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஏசியில் நின்றாலும் நிற்பது நிற்பதுதான். ஒருநாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொன்னால் வாயாடி என்பார்கள். ஏற்கெனவே அந்தப் பேர் இருக்கிறது.

சிதம்பரத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கம்பெனி அது. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ். காலையில் கிளம்பினால் பி.முட்லூர் தாண்டும்வரை சில நாள் உட்காரவே இடம் கிடைக்காது. பஸ்ஸில் நின்று, கடையில் நின்று, திரும்பவும் பஸ்ஸில் நின்று எட்டு வருஷம் ஓட்டியாயிற்று.

கம்பெனியைக் குறையே சொல்லிக்கொண்டிருந்தால் என் நாக்கு அழுகிவிடும். சம்பளம் தேதி தவறியதில்லை. ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, பி.எஃப். பிடிக்கிறார்கள். இதற்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். அங்கே பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை கிடையாது. அதனால் மதியம்வரை தண்ணீரே குடிக்க மாட்டோம். இங்கே அது உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. ஆனால் தீபாவளி, பொங்கல் என்றால் லீவு கிடையாது. வீட்டுக்குப் போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உட்காரக் கூடாது. கஸ்டமர் வரும்போது பில் போடுகிறவள் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாம். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதை நாங்கள் போனில்தான் படித்தோம். சட்டம் போனுக்கு வந்தது, நாற்காலி கடைக்கு வரவில்லை.

காய்கறிப் பிரிவில் எடை போடும் அக்கா கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். கல்யாணமான புதிதில் அவர் மீன் கூடை தூக்கியவர். "மீன் விக்கும்போது கூடைய எறக்கி வெச்சுட்டு சம்மணம் போட்டு உக்காந்துக்குவேன். இங்க இன்னா, கத்திரிக்கா உக்காந்துக்கினு இருக்குது, நான் நின்னுக்கினு இருக்கேன்" என்பார். சாயங்காலமானால் அவர் காலில் செருப்பு வார் பதிந்த இடம் குழியாகக் கிடக்கும். நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகத் தெரியும். எனக்கும் அப்போதுதான் முழங்காலுக்குக் கீழே அது ஆரம்பித்திருந்தது. நான் யாரிடமும் காட்டவில்லை.

எங்கள் கிளை மேனேஜரும் கடலூர்க்காரர். கத்தமாட்டார். யாராவது நிற்க முடியாமல் முகம் சுண்டிப்போனால், காலி எண்ணெய்ப் பெட்டி இரண்டைக் கவுண்டருக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டு, "ஒரு பத்து நிமிசம் உக்காரும்மா" என்பார். ஏரியா மேனேஜர் கார் வாசலில் நின்றால், வாட்ச்மேன் உள்ளே வந்து அரிசி மூட்டைப் பக்கம் நின்று இரண்டு தடவை இருமுவார். பெட்டி குடோனுக்குப் போய்விடும், நாங்கள் எழுந்துகொள்வோம். எங்கள் மேனேஜரின் பெண் அந்த வருஷம் கடலூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிகிறவரைக்கும் எந்த ஊருக்கும் மாற்றல் வந்துவிடக் கூடாது என்பதுதான் மனிதருக்கு அப்போதிருந்த ஒரே கவலை. எங்களிடமே பல தடவை சொல்லியிருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படிவம் வந்தது. கம்பெனியில் வேலை செய்வதைப் பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வேண்டுமாம். பத்துக் கேள்வி, எல்லாம் இங்கிலீஷில். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டம். பெயர் எழுத வேண்டாம். மற்ற கிளைகளில் மேனேஜர் பக்கத்திலேயே நின்று, இங்கே டிக் போடு, அங்கே டிக் போடு என்று சொல்லிவிடுவாராம். எங்கள் சார் அப்படிச் செய்யவில்லை. "நான் நிக்கக் கூடாது. உங்க மனசுல பட்டதப் போடுங்க" என்று குடோன் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அன்று அவர் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் பதினாலு பேரில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான். தபாலில் படித்த பி.ஏ. ஆனாலும் பி.ஏ. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பருப்பு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, டீச்சர் மாதிரி ஒவ்வொரு கேள்வியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். படிவத்தின் உச்சியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அதைப் படிக்காமல் தாண்டினேன்.

"நம்பர் எப்படிப் போடணும்?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணுன்னா ஃபர்ஸ்ட் ரேங்க். அஞ்சுன்னா கடைசி" என்றேன்.

சோப்புப் பிரிவுப் பெண் ஒருத்தி இழுத்தாள். "போன்ல அஞ்சு ஸ்டார்தானே நல்லது?"

"அது ஸ்டாரு. இது நம்பரு. பள்ளிக்கூடத்துல ஃபர்ஸ்ட் ரேங்க் நல்லதா, அஞ்சாவது ரேங்க் நல்லதா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

பிறகு எங்களுக்குள் பேசிக்கொண்டோம். குறை எழுதினால் சாருக்குத்தான் கெட்ட பேர், அவருக்கு மாற்றல் கீற்றல் வந்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒன்றே போடுவது என்று முடிவானது. வேலை செய்யும் இடத்தில் போதிய வசதி இருக்கிறதா என்ற கேள்விக்கும் ஒன்று. அக்கா தன் காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், பிறகு ஒன்றில் டிக் போட்டார்.

மூன்று வாரம் கழித்து சார் எங்களைக் குடோனுக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "என் மேல அவ்ளோ கோவமா உங்களுக்கு?" என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இருக்கும் கிளைகளிலேயே எங்கள் கிளைதான் ஆகக் கேவலம், பதினாலு பேரும் எல்லாக் கேள்விக்கும் அடிமட்ட மார்க் போட்டிருக்கிறார்கள், யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்று ஏரியா மேனேஜர் போனில் கத்தியிருக்கிறார்.

"இல்ல சார், நாங்க எல்லாரும் ஒண்ணுதான் போட்டோம். ஃபர்ஸ்ட் ரேங்க்" என்றார் அக்கா.

"ஒண்ணுன்னா ரொம்ப மோசம்னு மேலயே பொடி எழுத்துல போட்டிருந்துச்சேம்மா" என்றார் சார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "படிச்சவன் பாட்டக் கெடுத்தான், எழுதுனவன் ஏட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் அக்கா. திட்டவில்லை, கேலிதான். ஆனாலும் தைத்தது.

தப்பாக டிக் போட்டுவிட்டார்கள் என்று சார் சொன்னதை மேலே யாரும் நம்பவில்லை. விசாரிக்க எச்.ஆர். மேடம் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். சாரின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நாங்கள் முன்னமே பேசி வைத்திருந்தோம். எல்லாமே ஐந்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட வேண்டியது. அக்காவும் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். குற்றவாளி என்பதால் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள்.

நான் போய் நின்றேன். "உக்காருங்க" என்றார் மேடம்.

யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அந்தக் கடையில் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலிலிருந்து ஏதோ இறங்கிப் போவதுபோல் இருந்தது. மேடம் என் வயசுக்காரர்தான், பேச்சில் அதிகாரம் இல்லை. படிவத்தை நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். சார் தங்கமான மனுஷர் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். அவர் எவ்வளவு தங்கம் என்று காட்டுவதற்கு, "நிக்க முடியலன்னா எண்ணெப் பெட்டியக் கவுத்துப் போட்டு உக்கார வெப்பாரு மேடம். மேல இருந்து யாராவது வந்தாத்தான் எழுந்துக்குவோம்" என்று சொல்லிவிட்டேன்.

மேடம் பேனாவை நிறுத்தினார். "உக்கார ஸ்டூல் இல்லையா?"

எதிரில் இருந்த என் ஃபைலைப் புரட்டி, நான் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா?"

நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககூட இருக்கிறவங்க எல்லாரும் எல்லாத்துக்கும் அஞ்சுன்னு சொல்லிட்டாங்க. நீங்களும் அப்படியே சொன்னா நான் அஞ்சுன்னு எழுதிட்டுப் போயிடுவேன், இது இதோட முடிஞ்சிடும். ஸ்டூல் இல்லன்னு எழுதினா கண்டிப்பா வரும், சட்டம் இருக்கு. ஆனா இத்தனை நாள் ஏன் இல்ல, பெட்டி போட்டு மறைச்சது யாருன்னு உங்க மேனேஜரைத்தான் கேப்பாங்க. எழுதட்டுமா, வேணாமா?"

அந்த மேடத்தை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. நேர்மையாகத்தான் கேட்டார். அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாக சார் தெரிந்தார். பிஸ்கட் அடுக்கு முன்னால் நின்று, ஏற்கெனவே நேராக இருந்த பாக்கெட்டுகளை நேராக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள், பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

அக்காவின் காலை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நினைக்கவும் செய்தேன்தான். ஆனால் அதைவிட என் காலைத்தான் நினைத்தேன். எனக்கு முப்பத்தாறு வயசு. இன்னும் இருபது வருஷம் நிற்க வேண்டும். ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்த சுகத்தில் அந்த இருபது வருஷமும் தாங்க முடியாததாகிவிட்டது.

"எழுதுங்க மேடம்" என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா, "அஞ்சுதான சொன்ன?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஒரு மாதத்தில் ஸ்டூல் வந்தது. பிளாஸ்டிக் இல்லை, முதுகு சாய்க்கிற மாதிரி இரும்பு ஸ்டூல், கவுண்டருக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று. எங்கள் கிளைக்கு மட்டுமில்லை, கடலூர் கிளைக்கும் வந்ததாகச் சொன்னார்கள். அதே வாரத்தில் சாருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. அக்கா புது ஸ்டூலில் உட்கார்ந்து முருங்கைக்காய் எடை போட்டுக்கொண்டே, "பாவம், நல்ல மனுசன். எந்தப் பாவி இன்னா சொன்னானோ" என்றார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குகிறவர் அவர். அவரிடம் அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

சாரிடம் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்திருக்கும். அவர் சாமான்களை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே போய், "நான்தான் சார்" என்றேன்.

"தெரியும்மா. பெட்டி விசயத்த இவ்ளோ பெருமையா வேற யார் சொல்லுவா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நானும் ஸ்டூல் வேணும்னு ரெண்டு தடவ மெயில் போட்டேன். பதில் வரல. மூணாவது தடவ போட பயம். பொண்ணு படிப்பு முடியட்டும், முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். உங்கள எல்லாம் பெட்டியிலயே உக்கார வெச்சேன்." பிறகு குடும்பத்தைக் கடலூரிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓசூரில் அறை எடுத்துத் தங்கப் போவதாகச் சொன்னார். பெண் அழுதாளாம். "பரவால்ல, மூணு மாசந்தான்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

கடைசி நாள் சாயங்காலம் கையில் கூடையோடு என் கவுண்டர் வரிசையில் வந்து நின்றார். ஒண்டியாக இருக்கப் போகிறவன் வாங்குகிற சாமான்கள். ரவை ஒரு பாக்கெட், எலுமிச்சை ஊறுகாய், துணி சோப்பு, கொசுவர்த்தி, ஒரே ஒரு டம்ளர். அவர் முறை வந்ததும் நான் எழுந்துவிட்டேன். எட்டு வருஷப் பழக்கம். இந்த மனிதர் முன்னால் உட்கார எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் இருந்தது.

"உக்காரும்மா" என்றார்.

நான் உட்காரவில்லை. ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உக்காந்து போடு. எனக்கு அவசரமில்ல."

உட்கார்ந்தேன். கண் மறைத்ததில் டம்ளரை இரண்டு தடவை பில் போட்டு, ஒன்றை அழித்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஸ்டூல் போட்டுக் குடுத்ததும் குடுத்தாங்க, சொகுசாயிடுச்சு இவங்களுக்கு. அதான் இவ்ளோ லேட்டு" என்றார். வேறொரு நாளாக இருந்தால் அந்த அம்மாவை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று கொசுவர்த்தியை எடுத்துப் பில்லில் ஏற்றினேன்.

சார்தான் திரும்பிப் பார்த்தார். "எட்டு வருசமா நின்னுக்கினே போட்டாங்கம்மா. கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, வாசலில் வாட்ச்மேனிடம் மற்றவர்களைப் போலவே அதைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.