கட்டிலுக்கு அடியில் கத்தினவள்

சத்தியமாக நடந்தது. சந்தேகமிருந்தால் கன்னியம்மாவையே கேளுங்கள், கடப்பேரியில்தான் இருக்கிறாள். இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தவர் ஒருத்தர்கூட இல்லை.

1988, மே மாதம். தாம்பரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. கன்னியம்மாவுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. காரணம் கேட்டால் வயிறு எரியும். அப்போது வலியில் அவள் கத்தவில்லை. கத்தாதவளுக்கு இன்னும் நேரமாகவில்லை என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கத்த வராது. ஆறு வயதில் தாயைப் பறிகொடுத்தவள். பெருங்களத்தூரில் சித்தி அம்மணியிடம் வளர்ந்தாள். அழுதால் போதும், சித்தி வாயில் துணியைத் திணித்து விறகு ரூமில் பூட்டிவிடுவாள். செத்துப்போன அம்மாவின் பச்சைப் புடவையில் கிழித்த துணி. பாவி, அதற்குக்கூட வேறு துணி கிடைக்கவில்லை அவளுக்கு!

இந்த முறையும் அதேதான். மத்தியானம் இரண்டரை மணி. இடுப்பு இற்று விழுகிற வலி. ஆயா கங்கையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வாயே தொறக்கல? அப்போ இன்னும் டைம் கீது."

பக்கத்து ரூமில் அலறிக்கொண்டிருந்தவளிடம் போய்விட்டாள்.

வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்துகொண்டே வந்தது. போன தடவையும் இப்படித்தான். இதுவும் போய்விடும்... ஐயோ, இதுவும் போய்விடும்... வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அப்போதுதான் அந்த வாடை அடித்தது. பினாயில் இல்லை. சவுக்கு விறகு.

நாக்கில் ஏதோ உறுத்தியது. விரலை விட்டு இழுத்தாள். ஒரு நூல். பச்சை நூல்.

கட்டிலுக்கு அடியில்... சர்ர்... சர்ர்... நகத்தால் கதவைப் பிறாண்டுகிற சத்தம்.

நின்றது.

"அம்மா...ஆ...ஆ...!"

சின்னப் பெண்ணின் அலறல்.

கட்டிலுக்கு அடியிலிருந்து.

நர்ஸ் ஞானஜோதி ஓடி வந்தாள். கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. "கொஞ்சம் லேட்டாயிருந்தாலும் போயிருக்கும்மா" என்றாள் பிற்பாடு. பெண் குழந்தை. பிறந்ததும் வார்டே அதிரக் கத்தியது.

ஆயா குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினாள். "கத்துச்சே, அந்தப் பொண்ணு எங்க? யார் வூட்டுப் பொண்ணு அது?"

அங்கே யாருமில்லை.

மூன்றாம் நாள் புருஷன் சவுரிமுத்து பெருங்களத்தூருக்குச் சேதி சொல்லப் போனான். திரும்பி வந்தவன் முகம் வெளிறியிருந்தது.

"உன் சித்தி வூட்டுக்குள்ள போவே மாட்டேங்குது. தெருவுலயே படுத்துகினு கீது. அன்னிக்கு மத்தியானம் ரெண்டரை மணிக்கு விறகு ரூமு உள்ளேருந்து யாரோ கதவைப் பிறாண்டினாங்களாம். பூட்டைத் தொறந்தா... ஆள் இல்ல. கீழ ஒரு துணி மட்டும் கெடந்துச்சாம்."

கன்னியம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "பச்சைத் துணியா?"

"ஆமா. உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் பிள்ளையின் வாயைத் துடைக்க, சவுரிமுத்து குரலைத் தாழ்த்தினான்.

"எச்சில் பட்டு... ஈரமா இருந்துச்சாம்."