முதுகில் இருந்த தண்ணீர்

மார்ச் 9, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, அன்று நடக்கப்போகும் வழியை நாட்குறிப்பில் எழுதிவிட்டுக் கிளம்பினேன். எப்போதும்வென்றான் ஊரில் பஸ் இறங்கி, கரிசல் காட்டு வழியே பன்னிரண்டு கிலோமீட்டர்.

தோளில் புதிய பெரிய பை. தீப்பெட்டி ஆலையில் இருபது வருடம் பண்டல் அடுக்கிய கை என்னுடையது. இடைவெளி விடத் தெரியாது. கனமானது அடியில் என்று தண்ணீர் பாட்டில்களை முதலில் வைத்து, மேலே சாப்பாடு, துண்டு, சட்டை என்று இறுக்கி அடுக்கியிருந்தேன்.

பதினொரு மணிக்குத் தாகம் எடுத்தது. அடுக்கைக் கலைக்க மனம் வரவில்லை. அடுத்த வேப்பமரத்தடியில் குடிக்கலாம் என்று நடந்தேன். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் மெல்லச் சலசலத்தது. பருத்தி எடுத்து முடித்த காடு கடல்போல நெளிந்தது. நிலத்தின் வெடிப்புகளுக்குள் யாரோ பேசிக்கொள்வதுபோல் இருந்தது. கால்கள் என்னுடையவை அல்ல என்று தோன்றியது. அது சுகமாகவும் இருந்தது.

கண் விழித்தபோது, ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் என் பையைக் கவிழ்த்துக் கொட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“தண்ணிய முதுகுல வச்சுக்கிட்டா தாகத்துல விழுதீய? என் ஆட்டுக்குக்கூட உங்களவிட வெவரம் உண்டு, அண்ணாச்சி.”

“அடுக்கு கலைஞ்சிருமேன்னு பார்த்தேன்மா.”

“நான் கொட்டுற வரைக்கும் அடுக்கு கலையல. நீங்கதான் கலைஞ்சு கெடந்தீய.”

மறுநாள் காலை முதல் வேலையாக, நிரப்பிய பாட்டிலுடன் பைக்கடைக்குப் போனேன். பக்கவாட்டில் பாட்டில் வைக்க இடமுள்ள சிறிய பை ஒன்றில் பாட்டிலைச் செருகி, தோளில் மாட்டி, கழற்றாமலே கையைப் பின்னால் நீட்டினேன். எட்டியது. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் விலை கேட்டேன்.