சூடு ஆகாத மாத்திரை

என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பட்டறையில் 'கொதிப்பு' என்றுதான் கூப்பிடுவோம். கோபக்காரர் என்பதால் அல்ல. டீயோ சூப்போ, ஆவி பறக்கவில்லை என்றால் தொடமாட்டார். இருபத்தாறு வருடமாக இரும்புக் கதவு வெல்டிங் வைக்கிறவர். சூடு பட்டால்தான் எதுவும் வேலைக்கு ஆகும் என்பது அவர் கட்சி.

வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு உண்டாம். அது கெட்டுப்போய், முக்கால்வாசியை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லி, உள்ளே குருணை அடைத்த கேப்ஸ்யூல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை தேறவில்லை. மூன்று வேளையும் வளைத்துக் கட்டினார். தின்றது அப்படியே வெளியே போனது. எழுபது கிலோ ஆள், நாலு மாதத்தில் நாற்பத்தாறு. இன்னும் ஒரு கிலோ இறங்கினால் மூக்கில் குழாய் போட்டுப் படுக்க வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"குழாயை வெல்டு வைக்கத் தெரியும் மச்சான், மாட்டிக்கத் தெரியாது" என்று சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். சாப்பாட்டு யோசனை சொல்கிற நர்ஸம்மா, "மாத்திரைய எப்படிண்ணே சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"தொண்டையில சிக்குதும்மா. பிரிச்சு, கொதிக்கிற சூப்புல கொட்டிக் கலக்கிடுவேன்."

நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, உள்ள இருக்கிறது என்சைம். உங்க கணையம் சுரந்துக்கிட்டிருந்த அதே சரக்கு. கொழுப்பை வெட்ட ஒருத்தன், மாவை வெட்ட ஒருத்தன், புரதத்தை வெட்ட ஒருத்தன். இவனுங்க துண்டு போட்டாத்தான் குடல் உறிஞ்சும். இல்லன்னா தின்னும் பட்டினிதான்."

"ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் செய்ய மாட்டானா?" என்றேன்.

"மாட்டான்."

"எங்க பட்டறையேதான்."

மாப்பிள்ளை விடவில்லை. "சூடு காட்டினா இன்னும் வேகமா வெட்டுவான்லம்மா?"

"உடம்புச் சூடு போதும்ணே. ஒவ்வொருத்தனும் ஒரு மாதிரி மடிஞ்சு, தனி வடிவத்துல இருக்கான். அந்த வடிவத்துல பொருந்துறதைத்தான் வெட்டுவான். கொதிக்க வச்சா வடிவமே போயிடும்."

மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். "மெல்லிசு தகட்டுல நெருப்பு அதிகமாப் பட்டா கோணிக்குமே, அப்படியா?"

"அதேதான்."

"ஆறினாலும் நேராகாதே!" மெதுவாக உட்கார்ந்தார். "நாலு மாசமா கோணத் தகட்டையா குடிச்சேன்?"

அன்றிலிருந்து, உள்ளே இருக்கும் குருணையை ஆறின பழக்கூழில் தூவி, முதல் வாய்ச் சோற்றோடு விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. ஆறினதைத் தின்பது அவருக்குச் சிறைத் தண்டனை. "இதுக்குக் குழாயே தேவல" என்று முனகுவார்.

தங்கச்சி கரண்டியோடு நிற்பாள். "அதையும் கடிக்காதீங்க, என்னையும் கடிக்காதீங்க. முழுங்குங்க."

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரித் தராசு ஐம்பது காட்டியது. டாக்டர் குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. தங்கச்சி மட்டும் மாப்பிள்ளையை இறக்கி, மறுபடியும் ஏற்றி, இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அரை நாள் வேலைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஜன்னல் கம்பியை வெல்டு வைத்தார். மறுமுனையை நான் பிடித்திருந்தேன். முகமூடியைத் தூக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தார்.

"கம்பியப் பிடிக்கிறீங்களா மச்சான், கைக்குழந்தையத் தாலாட்டுறீங்களா?"

பட்டறையே சிரித்தது. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.