மேட்டில் விளைந்த கேப்பை

பொதிமாடு ஓட்டும் தொழிலில் மாட்டுக்குக் கிடைக்கிற மரியாதைகூட ஓட்டுகிறவனுக்குக் கிடைக்காது. போடியிலிருந்து மலைப்பாதையில் மெட்டு ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறும்போது ஏலத்தோட்டக் கூலிகளுக்கு அரிசி, இறங்கும்போது ஏலக்காய். நடுவில் மழை, அட்டைக்கடி, வசவு. ஆனாலும் மலையே என் பொதியை நம்பித்தான் என்று எனக்குள் ஒரு மிடுக்கு.

ஒரு படி விதை

நான் போய்வந்த தோட்டத்துப் பெண்களில் பாதிப்பேர் மலையடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரிகள். ஊரில் வெள்ளாமை பார்த்தவர்கள். அவர்களுக்காக முன்னால் நின்று பேசுகிறவள் ராக்கம்மா. ஒரு வைகாசியில் நான் இறக்கிய அரிசியை அள்ளி முகர்ந்து பார்த்தாள். வழியில் நனைந்து வாடை வந்துவிட்டது. திட்டப்போகிறாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"மழை பெஞ்சா நீங்க என்ன செய்வீக பொதிக்காரண்ணே? அடுத்த நடைக்கு வெதைக் கேப்பை ஒரு படி கொண்டாங்க. நாங்களே வெதைச்சுக்கிர்றோம்."

கங்காணியின் கோபம்

ஏலக்காட்டு வேலை முடிந்ததும், அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டைக் கொத்தினார்கள். நான் கொண்டுவந்த கேப்பையோடு மொச்சையும் கலந்து விதைத்து, ஓரமெல்லாம் மரவள்ளிக் குச்சி ஊன்றினார்கள். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்குமாம்.

தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணிக்குப் பொறுக்கவில்லை. ஏலத்துக்கு வேண்டிய தெம்பெல்லாம் இங்கே போகிறது என்று குதித்தார். முளைத்து நின்றதைப் பிடுங்கச் சொன்னார். ராக்கம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"புடுங்கிர்றோம் கங்காணியாரே. மழையில பாதை அடைச்சுக்கிட்டா, எங்க புள்ளைகளுக்கும் சேத்து ஒங்க வீட்ல ஒல வச்சிருங்க."

அடுப்புக்கு மேலே

பயிர் தப்பியது. புரட்டாசியில் அறுத்தார்கள். ஐப்பசியில் நான் மேலே போய்ச் சேர்ந்த மறுநாள் மலை சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. கொண்டுபோன அரிசி சீக்கிரமே தீர்ந்தது. அப்புறம் எல்லோருக்கும் அந்தப் பெண்கள் கிண்டிய களிதான். அரிசி சுமந்த நான் ஒரு பக்கம், பயிரைப் பிடுங்கச் சொன்ன கங்காணி ஒரு பக்கம் உட்கார்ந்து தின்றோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மொச்சைக் குழம்பு அவ்வளவு ருசி.

மழை விடவில்லை. கேப்பைப் பானையில் அடி தெரிந்தது. ராக்கம்மாவின் அடுப்புக்கு மேலே, பூச்சி விழாமலிருக்கப் புகையில் கதிர்க்கட்டுகள் தொங்கின. அறுப்புக்கு முன்பே விதைக்கென்று பெண்கள் பொறுக்கி வைத்தவை; ஆம்பளை கை படக்கூடாது. பசியில் அதையெல்லாம் மறந்து, "இதை இறக்குனா ரெண்டு நாள் ஓடுமே" என்று கையை நீட்டிவிட்டேன். அத்தனை பெண்களும் முறைத்த முறைப்பு இருக்கிறதே! ராக்கம்மா என் கையில் மண்வெட்டியைத் திணித்தாள்.

"அதத் தின்னுட்டா வார வருசம் எதண்ணே வெதைக்கிறது? மரவள்ளி பிஞ்சாத்தான் கெடக்கும், போயித் தோண்டுங்க, வெரசா!"

கூடுதல் மூட்டை

பிஞ்சு மரவள்ளி தீர்வதற்குள் பாதை திறந்தது. லயத்தில் ஒரு குழந்தைகூடப் பட்டினி கிடக்கவில்லை. நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. சாப்பிட்ட நன்றிக்கு, அடுத்த நடையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக அரிசி ஏற்றிப் போனேன். மேலே போனால், கங்காணியே இன்னொரு மேட்டைக் காட்டிவிட்டிருந்தார். பெண்கள் கொத்திக்கொண்டிருந்தார்கள். ராக்கம்மா மூட்டைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இம்புட்டு அரிசி எதுக்கண்ணே? உப்பும் கருவாடும்தான் எங்க மேட்டுல வெளைய மாட்டேங்குது, அதக் கொண்டாங்க!"

மலைக்கே சோறு போடுகிறவன் என்ற மிடுக்கை அன்றைக்கு இறக்கி வைத்தவன், மீதிக் காலமெல்லாம் கருவாட்டு வாடையோடு நிம்மதியாக மெட்டு ஏறினேன்.