டிராமில் போட்ட சண்டை

இன்று லஸ்ஸில் டிராம் ஏறினேன். பக்கத்தில் ஒருத்தி, மடியில் மணல்வாரி அம்மை போட்ட குழந்தை.

"ரத்தம் பார்த்தாங்க அக்கா. வெள்ளை அணு ரொம்பக் கொறைஞ்சிகீதாம், ஆஸ்பத்திரியில சேருன்னாரு டாக்டரு. கொறைஞ்சா நல்லதுதானே? வந்துட்டேன்" என்று சிரித்தாள்.

என் மகள் செல்லம்மாவுக்கும் குறைந்தது. காய்ச்சல் குறைவது போல என்று நினைத்துத் தெருவுக்கே கற்கண்டு கொடுத்தேன். நோயோடு சண்டை போடுகிற அணு அது என்று செல்லம்மா இறந்து போன பிறகுதான் தெரிந்தது.

"கொறையக் கூடாது கண்ணு. திரும்பிப் போ."

"நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?"

நானும் விடவில்லை, "நோயோட சண்டை போடுற அணு அது, கொறைஞ்சுதான் என் பொண்ணு போயிட்டா" என்று கத்தினேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கி, ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள்.

"இன்னாம்மா சண்டை?" என்றார் கண்டக்டர்.

அன்றைக்கு என்னோடு யாராவது இப்படிச் சண்டை போட்டிருக்கக் கூடாதா?