மூன்றாவது பாட்டில் அக்கா

முப்பத்தைந்து வயது, முதல் ஆல்பம். லிஃப்ட் கதவு மூடும்போது வரும் கிறீச்சுக்காக மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பான். காய்கறிப் பையோடு காத்திருப்பவர்களைப் பற்றிக் கவலையே கிடையாது. "தம்பி, நாங்க மேல போகணுமா வேணாமா?" என்றால், "இன்னொரு தடவ மட்டும் மூடிக்கிறேன் சார்" என்பான். குடியிருப்பில் அவனுக்குப் பெயர் 'காது'.

ராக் இசைக்காரன். கிட்டார் சுமார்தான், ஓசைகளில்தான் அவனுக்கு உயிர். ஆல்பம் முழுக்க நகரம்: ஜெராக்ஸ் மெஷினின் தாளம், சிக்னலில் பொறுமையிழந்த ஹார்ன்கள், யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து மாடியேறும் சத்தம். ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர் நண்பனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கோத்தான்.

மைக்கை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவது அவன் வழக்கம். ஃபிரிட்ஜின் உறுமலுக்காகச் சமையலறையில் அப்படி வைத்ததில் அக்கா மாட்டினாள். அக்கா சிட்டி பஸ் ஓட்டுகிறாள். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அன்று காலை டெப்போ சூப்பர்வைசரிடம் போனில் பேசியிருக்கிறாள்: "சார், இந்த ஒரு தடவ விட்ருங்க சார். இனிமே லேட் ஆகாது சார்." லேட்டானதற்குக் காரணம், இவனுடைய ட்ரம்ஸ்காரன் விடியும்வரை அவள் படுக்கும் ஹாலைவிட்டு நகராததுதான்.

ஸ்டுடியோவில் அதைக் கேட்டதும் அவனுக்குப் புல்லரித்தது. அது அக்காவின் குரல் என்பது பிறகுதான் உறைத்தது. உறைத்தும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் அந்தக் கெஞ்சல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆல்பம் வெளியானதும் அந்தப் பாட்டுதான் பிய்த்துக்கொண்டு போனது.

அக்கா அதைக் கேட்டது டெப்போவில். இரண்டு கண்டக்டர்கள் அவளைக் கண்டதும் கைகட்டி நின்று, "இனிமே லேட் ஆகாது சா...ர்!" என்று ராகத்தோடு இழுத்தார்களாம்.

வீட்டுக்கு வந்து அவள் கத்தவில்லை. அவன் தட்டில் பரிமாறிக்கொண்டே, "நல்லாத்தான் கெஞ்சியிருக்கேன், இல்ல?" என்றாள்.

"எடுத்துர்றேன்க்கா."

"எடு, எடுக்காம போ. டெப்போல பாதிப் பேருக்கு அதாண்டா ரிங்டோன்."

குரலை மட்டும் நீக்கச் சொல்லி இன்ஜினியரிடம் போனான். "அத எடுத்துட்டா மிச்சம் என்னடா இருக்கு? உன் கிட்டாரா?" என்று சிரித்தான் அவன். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் உண்மை. இவனுக்கு அவமானத்தில் காதுமடல் வரை சூடேறியது. "அப்ப பாட்டையே தூக்கிடு" என்றான். புதன்கிழமை பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் நீங்கிவிடும்.

நேற்று இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன் அடித்தது. அதைக் கையில் எடுத்தாள். அலமாரியைப் பார்த்தாள், ஃபிரிட்ஜின் மேலே பார்த்தாள், குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு எச்சில் கையோடு மாடிப்படிக்குப் போய், வெளியிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெல்லிய கதவு. அவன் எழுந்துபோய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அவள் திரும்பி வரும்வரை அதன் பக்கத்திலேயே நின்றான்.